குற்றக்கதைப் படத்தில் நடிகர் தேர்வும் பாத்திர உறவும்: 'திரிஷ்யம்' மறுஆக்கங்களை முன்வைத்து ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

ஒரு மொழியில் வெளிவந்த திரைப்படம் மற்றொரு மொழியில் மீண்டும் எடுக்கப்படும்போது கதை பெயர்க்கப்படுகிறது என்றே பொதுவாகச் சொல்கிறோம். குற்றக்கதைப் படங்களை நுணுகி நோக்கினால் இக்கூற்று முழுமையானதன்று என்பது புலனாகும். குற்றம், அதனை மறைத்தல், துப்பறிதல் என்னும் நிகழ்ச்சிக் கோவை பெரும்பாலும் மாற்றமின்றி மொழி கடந்து செல்கிறது. மாறுவது அந்நிகழ்ச்சிகளைத் தாங்கி நிற்கும் மாந்தர்தம் உறவே. யார் யாரை எவ்வாறு விளிக்கிறார், எவ்வாறு சுட்டுகிறார், எவர் முன் எச்சொல்லைத் தவிர்க்கிறார் என்பன பெறுமொழியின் இலக்கணத்திற்கும் வழக்கிற்கும் ஏற்பப் புதிதாக அமைக்கப்பட வேண்டியுள்ளன.

இதனை விளக்க, மலையாளத்தில் 2013 டிசம்பரில் வெளிவந்த 'திரிஷ்யம்' என்னும் படமும் அதன் இந்திய மொழி மறுஆக்கங்களும் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஜீத்து ஜோசப் எழுதி இயக்கிய இப்படம் 2014இல் கன்னடத்திலும் (இயக்கம்: பி. வாசு) தெலுங்கிலும் (இயக்கம்: ஸ்ரீப்ரியா), 2015இல் தமிழிலும் (இயக்கம்: ஜீத்து ஜோசப்) இந்தியிலும் (இயக்கம்: நிஷிகாந்த் காமத்) எடுக்கப்பட்டது. ஒரே கதை இரண்டாண்டுக்குள் நான்கு மொழிகளில் மறுபடைப்புப் பெற்றதால் ஒப்பாய்வுக்கு இது தக்க களமாகிறது. உரையாடல்களை வரிக்கு வரி ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நடிகர் தேர்வு, பெயரிடுதல், விளி, வினைமுடிபு ஆகிய நான்கும் ஒன்றையொன்று சார்ந்து உறவைக் கட்டமைக்கும் முறையைக் காட்டுவதே நோக்கமாகும்.

2. கதையும் உறவு அமைப்பும்

கதையின் மையம் எளியது. நான்காம் வகுப்பைத் தாண்டாத ஒருவர் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் கேபிள் தொலைக்காட்சித் தொழில் நடத்துகிறார். பெற்றோரை அறியாதவர், திரைப்படங்களே அவருக்குப் பள்ளி. மனைவியும் இரு பெண்மக்களும் உடையவர். மூத்த மகளை மறைவாகப் படமெடுத்து மிரட்ட வந்த இளைஞன் ஒருவன், தாயும் மகளும் தம்மைக் காத்துக்கொள்ளும் போராட்டத்தில் இறந்துபடுகிறான். இறந்தவன் காவல்துறைத் தலைவரான பெண் அதிகாரியின் ஒரே மகன். குடும்பத்தைக் காப்பாற்றத் தந்தை ஒரு பொய்க்காலத்தைப் படைக்கிறார். குடும்பத்தினர் நால்வரும் அப்பொய்யை ஒரே குரலில் சொல்லப் பயில்கின்றனர்.

இக்கதையில் உறவுகள் இரண்டு முக்கோணங்களாக அமைந்துள்ளன. ஒன்று தந்தை, தாய், மக்கள் என்னும் குடும்பம். மற்றொன்று அதிகாரியான தாய், அவர் கணவர், காணாமற்போன மகன் என்னும் குடும்பம். இரு முக்கோணங்களுக்கும் இடையில் பகைமை பூண்ட காவலர் ஒருவர் நிற்கிறார். குற்றவாளி யார் என்பது பார்வையாளர்க்குத் தொடக்கத்திலேயே தெரியும். ஆகவே 'செய்தது யார்' என்ற வினா இப்படத்தை நடத்தவில்லை. 'எந்தப் பெற்றோர் தம் பிள்ளைக்காக எவ்வளவு தூரம் செல்வர்' என்ற வினாவே நடத்துகிறது. இவ்வினாவின் முழுச்சுமையும் உறவுச் சொற்களின்மேல் விழுகின்றது.

3. பெயரிடுதல்

3.1 தலைமை மாந்தர் பெயர்

மலையாளத்தில் தலைமை மாந்தர் ஜார்ஜ்குட்டி. 'குட்டி' என்பது சிறுமைப் பொருளும் அன்புப் பொருளும் தரும் ஒட்டு. கேரளக் கிறித்தவர் பெயர்களில் வளர்ந்தோர்க்கும் வழங்குவது. நடுவயதுத் தந்தை ஒருவரின் பெயருக்குள் பிள்ளைமை ஒட்டியிருப்பது மலையாளிக்கு இயல்பாகத் தோன்றும். அதே வேளையில் அவர் ஊரார்க்கு அணுக்கமானவர், அஞ்சத்தக்கவரல்லர் என்ற குறிப்பையும் தரும். இப்பெயரை எழுத்துப்பெயர்ப்பாகக் கொண்டுவந்தால் தமிழில் அக்குறிப்பு எழாது.

தமிழில் அவர் சுயம்புலிங்கம் ஆகிறார். தானே தோன்றியது என்னும் பொருளுடைய இப்பெயர் இருவகையில் பொருந்துகிறது. சிவத்தலமான பாபநாசத்தின் சூழலுக்கு இது உரிய பெயர். பெற்றோரை அறியாது தன்னைத் தானே ஆக்கிக்கொண்ட ஒருவரின் வரலாற்றையும் இது தன்னுள் அடக்கியுள்ளது. மூலத்தில் பெயருக்கு வெளியே சொல்லப்பட்ட செய்தி பெறுமொழியில் பெயருக்குள் சென்று அமைந்தது. இழப்பை வேறோர் இடத்தில் ஈடுசெய்தல் என்று மொழிபெயர்ப்பியலார் கூறுவதற்கு இது நல்ல சான்று.

இந்தியில் அவர் விஜய் சல்காவ்கர். 'கர்' என்னும் ஈறு ஊர்ப்பெயரோடு சேர்ந்து குடும்பப்பெயராகும் கொங்கணி, மராத்தி மரபு கோவாவைக் களமாகக் கொண்ட படத்திற்கு மண்ணின் அடையாளம் தருகிறது. கன்னடத்தில் ராஜேந்திர பொன்னப்பா. பின்பெயர் குடகு நாட்டை நினைவூட்டுவது. தெலுங்கில் ராம்பாபு, வட்டார, சாதிக் குறிப்பு மிகாத, எவர்க்கும் உரியதான பெயர். ஐந்து பெயர்களும் ஒரே மனிதரைக் குறிப்பினும் ஐந்தும் ஊரோடு அவர் கொண்ட உறவை வெவ்வேறாகக் காட்டுகின்றன.

3.2 அதிகாரியின் பெயர்

அதிகாரியின் பெயர் மலையாளம், தெலுங்கு, தமிழ் மூன்றிலும் கீதா பிரபாகர்; கன்னடத்தில் ரூபா சந்திரசேகர். இப்பெயர்களில் பின்னுறுப்பு கணவரின் இயற்பெயர். இந்தியில் மீரா தேஷ்முக். கணவர் மகேஷ் தேஷ்முக். இங்குப் பின்னுறுப்பு இருவர்க்கும் பொதுவான குடும்பப்பெயர். தென்மொழிப் பெயரில் அதிகாரியை அழைக்கும் ஒவ்வொரு முறையும் கணவர் பெயரும் உடன் ஒலிக்கிறது. சீருடைக்குள்ளும் அவர் ஒரு குடும்பத்தவர் என்பதைப் பெயரே உணர்த்துகிறது. இந்திப் பெயர் அவ்வுறவைக் குடிவழிப் பெருமையாக மாற்றிவிடுகிறது.

3.3 படத்தலைப்பு

'திரிஷ்யம்' என்பது காட்சி, காணப்படுவது என்னும் பொருளுடைய வடசொல். கன்னடம், தெலுங்கு, இந்தி மூன்றும் சிறு ஒலி வேறுபாட்டுடன் இச்சொல்லையே கொண்டன. கண்ணால் கண்டதே உண்மை என்று மனிதர் நம்பும் பலவீனத்தைப் பயன்படுத்தித் தந்தை பொய்யைக் கட்டுகிறார் என்ற கருத்தைத் தலைப்பு தாங்குகிறது. தமிழ்ப் படமோ 'பாபநாசம்' என்னும் ஊர்ப்பெயரைத் தலைப்பாகக் கொண்டது. பாவம் நீங்கல் என்பது அப்பெயரின் சொற்பொருள். தலைப்பின் அழுத்தம் கண்ணை விட்டு மனச்சான்றின்மேல் சென்றுவிடுகிறது. இம்மாற்றம் நடிகர் தேர்வோடும் இறுதிக் காட்சியோடும் இணைந்து செயற்படுவதைப் பின்னர்க் காண்போம்.

4. நடிகர் தேர்வு

4.1 மாறியோரும் மாறாதோரும்

ஐந்து படங்களிலும் தலைமை மாந்தராக நடித்தவர் வேறு வேறானவர்: மோகன்லால், ரவிச்சந்திரன், வெங்கடேஷ், கமல்ஹாசன், அஜய் தேவ்கன். மாறாதோரும் உளர். அதிகாரியாக நடித்த ஆஷா சரத் மலையாளம், கன்னடம், தமிழ் மூன்றிலும் அப்பாத்திரத்தை ஏற்றார். இளைய மகளாக நடித்த எஸ்தர் அனில் மலையாளம், தெலுங்கு, தமிழ் மூன்றிலும் நடித்தார். மனைவியாக மீனா மலையாளத்திலும் தெலுங்கிலும் நடித்தார்.

இப்பரவலைத் தற்செயல் என்று ஒதுக்குவதற்கில்லை. தலைமை நடிகர் தம் மொழிப் பார்வையாளரின் பல்லாண்டு நினைவோடு பிணைந்தவர். அந்நினைவு மொழி கடப்பதில்லை. அதிகாரியோ அவ்வூர்க்குப் புறத்தேயிருந்து வருபவர். தமிழ்ப் படத்தில் ஊரார் நெல்லை வழக்கில் பேச, அவர் பொதுப் பேச்சுத் தமிழில் பேசுகிறார். வட்டார வழக்குத் தேவைப்படாத பாத்திரத்தை வேற்றுமொழி நடிகர் ஏற்பது எளிது. அவ்வயன்மையே பாத்திரத்திற்கு வலுவும் சேர்க்கிறது. இளைய மகள் குறைவாகப் பேசி அச்சத்தைக் கண்களால் வெளிப்படுத்தும் பாத்திரம். ஆக, ஒரு பாத்திரம் எந்த அளவிற்கு வட்டார மொழியில் வேரூன்றியுள்ளதோ அந்த அளவிற்கு அதன் நடிகரும் மாறுகிறார் என்று கூறலாம்.

4.2 நடிகரின் முன்வரலாறு என்னும் குறிப்புப் பொருள்

சொல்லுக்கு நேர்ப்பொருளும் குறிப்புப் பொருளும் இருப்பதுபோல் நடிகர்க்கும் உண்டு. அவர் முன்னர் ஏற்ற பாத்திரங்களே அவருடைய குறிப்புப் பொருள். கொடிய காவலராக மலையாளத்தில் நடித்த கலாபவன் ஷாஜோன் அதற்குமுன் பெரிதும் நகைச்சுவை நடிகராக அறியப்பட்டவர். சிரிக்க வைத்தவர் குழந்தையை அடிக்கும்போது பார்வையாளர் அடையும் அதிர்ச்சி இரட்டிப்பாகிறது. தமிழில் அப்பாத்திரத்தை ஏற்ற கலாபவன் மணியும் பலகுரல் மரபிலிருந்து வந்தவரே. ஆயினும் தமிழ்ப் பார்வையாளர் அவரை 'ஜெமினி' (2002) முதலிய படங்களின் வழி எதிர்நாயகராகவே அறிந்திருந்தனர். எனவே மூலத்தில் எதிர்பாராமையாக இருந்தது தமிழில் எதிர்பார்ப்பாக மாறியது. பாத்திரம் ஒன்றே, குறிப்புப் பொருள் வேறு.

தெலுங்கில் அதிகாரியாக நடித்த நதியா, முந்தைய ஆண்டு வெளிவந்த 'அத்தாரின்டிகி தாரேதி' படத்தில் வளைந்து கொடுக்காத அத்தையாகப் பார்வையாளர் மனத்தில் நின்றவர். அங்குக் குடும்பத்திற்குள் செலுத்திய கண்டிப்பு இங்குக் காவல்துறைக் கண்டிப்பாகத் தொடர்வதைத் தெலுங்குப் பார்வையாளர் எளிதில் ஏற்றனர்.

கமல்ஹாசன் வட்டார வழக்குகளைத் திரையில் கையாண்டவராக அறியப்பட்டவர். 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில் பாலக்காட்டுத் தமிழும், 'சதிலீலாவதி' (1995) படத்தில் கொங்குத் தமிழும், 'தெனாலி' (2000) படத்தில் ஈழத் தமிழும் பேசினார். இத்தகையவரைத் தேர்ந்தபோது நெல்லை வழக்கு பாத்திரத்தின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. உரையாடலை எழுதியவர் நாவலாசிரியர் ஜெயமோகன் என்பதும் இங்குக் கருதத்தக்கது. நடிகர் தேர்வு கிளைமொழித் தேர்வாகவும் அமைந்தது என்பதே இதனால் பெறப்படும்.

5. விளியும் வினைமுடிபும்

5.1 மலையாளத்திலிருந்து தமிழுக்கு

மூலமொழியாகிய மலையாளத்தின் ஒரு தனித்தன்மை இவ்வாய்விற்கு இன்றியமையாதது. அம்மொழி வினைமுற்றில் இடம், பால், எண் காட்டும் விகுதிகளை இழந்துவிட்டது. ஏ. ஆர். ராஜராஜ வர்மா தம் 'கேரள பாணினீயம்' என்னும் இலக்கண நூலில் தமிழிலிருந்து மலையாளத்தைப் பிரித்துக் காட்டும் இயல்புகளுள் ஒன்றாக இதனைப் 'புருஷபேத நிராசம்' எனக் குறித்தார். 'வந்நு' என்ற ஒரு வடிவம் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது அனைத்திற்கும் நிற்கும்.

குற்றக்கதைக்கு இது பெரும் வாய்ப்பு. மறைக்க விரும்புபவர் எழுவாயை விடுத்து வினையை மட்டும் சொன்னால் வந்தவர் ஆணா பெண்ணா, மதிப்பிற்குரியவரா அல்லரா என்பது வெளிப்படாது. தமிழில் வாய் திறந்தால் விகுதி வெளிப்பட்டுவிடும். 'வந்தான்' என்றால் சொல்பவர் வந்தவனை அறிவார், மதிக்கவில்லை. 'வந்தார்' என்றால் மதிக்கிறார் அல்லது அஞ்சுகிறார். மலையாள உரையாடலைத் தமிழாக்குவோர் மூலத்தில் இல்லாத முடிவு ஒன்றை ஒவ்வொரு வாக்கியத்திலும் எடுக்க வேண்டியுள்ளது.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இவ்விடர்ப்பாட்டின் இரு கூறுகளைத் தொட்டுள்ளார். உயர்திணையில் ஆணா பெண்ணா என்ற ஐயம் எழுமிடத்துப் பலர்பாலால் கூறுக என்பது ஒன்று. ஒருவரைப் பன்மையால் உயர்த்திக் கூறுதல் வழக்கில் உண்டு, இலக்கண முறையன்று என்பது மற்றொன்று. இன்றைய பேச்சுத் தமிழில் 'வந்தாங்க' என்னும் வடிவம் இவ்விரு பணியையும் ஒருங்கே செய்கிறது: பால் மறைக்கிறது, மதிப்பும் தருகிறது. பாலை மறைக்க வேண்டிய உரையாடலைத் தமிழாக்குவோர்க்கு இதுவே கைகொடுக்கும் வடிவம். எனினும் மதிப்பு ஏற்றாமல் பாலை மட்டும் மறைக்க இவ்வடிவத்தால் இயலாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

முன்னிலையிலும் இதே நிலை. மலையாளத்தில் 'நிங்ஙள்' என்பது உயர்ந்தோரை நோக்கித் தயக்கமின்றி வழங்கும் சொல்லன்று. பதவிப்பெயர், உறவுப்பெயர், இயற்பெயர் ஆகியனவே முன்னிலைப் பெயரின் இடத்தை நிரப்புகின்றன. 'ஸார் வந்நோ' என்னும் தொடர் எதிரில் உள்ளவரை நோக்கிய வினாவாகவும் இருக்கலாம். இல்லாத ஒருவரைப் பற்றிய வினாவாகவும் இருக்கலாம். தமிழில் முன்னது 'சார் வந்தீங்களா', பின்னது 'சார் வந்தாரா' என இரண்டாகப் பிரியும். விசாரணைக் காட்சியில் இவ்விருபொருளைப் பயன்படுத்தி எழுதப்பட்ட உரையாடல் தமிழில் ஒருபொருளாகச் சுருங்கும்.

5.2 பிற மொழிகள்

தெலுங்கில் 'வச்சாடு' ஆணையும், 'வச்சிந்தி' பெண்ணையும் அஃறிணையையும், 'வச்சாரு' மதிப்பையும் பன்மையையும் காட்டும். கன்னடம் 'பந்தனு, பந்தளு, பந்தரு' எனத் தமிழை ஒத்துப் பகுக்கும். இந்தியில் 'தூ, தும், ஆப்' என முன்னிலை மூன்று படிகளாக அமைகிறது. இன்றைய பொதுப் பேச்சுத் தமிழின் 'நீ, நீங்கள்' இரண்டு படிகளே. இந்தி உரையாடலாசிரியர்க்கு இடைப்பட்ட 'தும்' என்னும் படி கிடைக்கிறது: அதிகாரி குற்றம் சாட்டப்பட்டவரை இழிவுபடுத்தாமலும் உயர்த்தாமலும் பேச இயலும். பொதுப் பேச்சுத் தமிழில் அவ்விடைநிலை பெயர்ச்சொல்லில் இல்லை. குரலிலும் தயக்கத்திலுமே அதனைக் காட்ட வேண்டும். இங்கு நடிகரே இலக்கணக் குறையை நிரப்புகிறார்.

5.3 'இக்கா'வும் 'பாய்'உம்

ஊரின் தேநீர்க்கடைக்காரர் மலையாளத்திலும் தமிழிலும் சுலைமான். கேரளத்தில் இசுலாமிய மூத்தோரை அழைக்கும் 'இக்கா' அண்ணன் என்னும் உறவுப்பெயராக இன்றும் வீட்டிற்குள் வழங்குவது. தமிழில் அவ்விடத்தை நிரப்பும் 'பாய்' சொற்பிறப்பால் உடன்பிறந்தான் எனப் பொருள்படினும், தமிழர் வழக்கில் உறவுப்பெயராக இல்லாமல் சமயத்தைச் சுட்டும் விளியாகவே பெரிதும் நிற்கிறது. அகராதி இரண்டையும் இணைச்சொற்களாகக் காட்டும். உறவு அளவை காட்டாது. நெல்லை வழக்கில் உறவின் வெம்மையைத் தர 'அண்ணாச்சி' உண்டு. அச்சொல்லோ வேறு சமூகச் சூழலுக்கு உரியது. எதனைத் தேர்ந்தாலும் ஒன்று குறையும் என்பதை அறிந்து தேர்வதே மொழிபெயர்ப்பாளர் கடன்.

6. ஒரு மனிதர், பல சுட்டுகள்

இக்கதையின் உயிர் ஒத்திகை பார்த்த சாட்சியத்தில் உள்ளது. தாய், மூத்த மகள், இளைய மகள், ஊரார் ஆகிய அனைவரும் ஒரே பயணத்தைப் பற்றிச் சொல்கின்றனர். செய்தி ஒன்றாயினும் சுட்டு ஒன்றாக இருத்தல் இயலாது. நெல்லைத் தமிழில் இதனை எண்ணிப் பார்க்கலாம். கணவர் பெயரைச் சொல்லாத மரபில் வந்த மனைவி 'அவங்க' என்பார். மகள் 'அப்பா வந்தாவ' என மதிப்பு விகுதியோடு சொல்வாள். கடைப்பையன் 'அண்ணாச்சி' என்பான். பகைகொண்ட காவலர் 'அவன்' என்பார். சாட்சியங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று காவல்துறை ஆராயும்போது அவை சொல்லளவில் வேறுபட்டும் பொருளளவில் ஒத்தும் இருக்க வேண்டும். நால்வரும் ஒரே சொல்லால் சொன்னால் அது மனப்பாடம் என்று வெளிப்பட்டுவிடும்.

மொழிபெயர்ப்பில் இவ்வேறுபாடுகளைச் சமன்செய்து எல்லார் வாயிலும் ஒரே சுட்டைப் பெய்வது வெறும் நடைக்குறையன்று. அது கதையின் தருக்கத்தையே குலைக்கும் பிழை. வசன எழுத்தில் ஆங்கிலத் துணைத்தலைப்பை இடைமொழியாகக் கொள்வோர்க்கு இவ்விடர் மிகுதி. ஆங்கிலத்தின் ஒற்றைப் படர்க்கைப் பெயருக்குள் இந்நான்கு உறவுகளும் ஒளிந்துகொள்கின்றன.

7. இறுதிக் காட்சி

அதிகாரியும் அவர் கணவரும் இறுதியில் தலைமை மாந்தரைத் தனியே சந்திக்கின்றனர். இப்போது அவர் அதிகாரியாக வரவில்லை. மகன் இருக்கிறானா இல்லையா என்பதை மட்டும் அறிய விரும்பும் தாயாக வந்துள்ளார். எதிரில் நிற்பவர் நேராக ஒப்புக்கொள்ளாமல், அழையாது வந்த விருந்தினர் ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் உண்மையைக் குறிப்பால் உணர்த்துகிறார்.

இங்கு இறந்த மகனை எவ்விகுதியால் முடிப்பது என்பது தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் மிகக் கடிய வினா. மலையாளத்தில் வினைமுற்று இக்கேள்வியை எழுப்புவதேயில்லை. தாய் தன் மகனை 'இருக்கானா' என்று கேட்பது அன்பின் ஒருமை. அதே 'ஆன்' விகுதியை அம்மகனின் சாவை மறைத்தவர் தாயின் முன் சொன்னால் இழிவாக ஒலிக்கும். 'ஆர்' விகுதி பொய்ப்பணிவாக ஒலிக்கும். வழிகள் மூன்று உள. 'உங்க பையன்' என்பதைப் போலப் பெயரால் சுட்டி வினைமுற்றைத் தவிர்த்துத் தொடரை அமைக்கலாம். 'வந்தது', 'நடந்தது' எனத் தொழிற்பெயரால் நிகழ்ச்சியை மட்டும் கூறலாம். 'அந்தப் பிள்ளை' எனத் தொடங்கி அஃறிணை முடிபு கொடுக்கலாம். பிள்ளை, குழந்தை முதலிய சொற்கள் உயர்திணைப் பொருளவாயினும் அஃறிணை முடிபும் ஏற்பன. மூன்றாவது வழி ஒன்றே எதிரியின் மகனையும் பிள்ளையாகப் பார்க்கும் தந்தையின் மனத்தை விகுதியிலேயே காட்ட வல்லது.

இக்காட்சியில் மோகன்லால் உணர்ச்சியை உள்ளடக்கி நிற்கிறார். கமல்ஹாசன் கலங்கி அழுகிறார். எது சிறந்தது என்ற விவாதம் இவண் தேவையில்லை. 'திரிஷ்யம்' என்னும் தலைப்பு முகத்தில் எதுவும் தெரியாத மனிதரை வேண்டியது; 'பாபநாசம்' என்னும் தலைப்பு பாவத்தைச் சுமந்து கரையும் மனிதரை வேண்டியது. தலைப்பு, பெயர், நடிகர், வழக்கு நான்கும் தமிழில் ஒரே திசையில் சென்றுள்ளன என்பதே நாம் கருத வேண்டுவது.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவு இது: குற்றக்கதைப் படத்தின் மொழிபெயர்ப்பில் நிகழ்ச்சி எளிதில் பெயரும், உறவு எளிதில் பெயராது. அவ்வுறவு ஓரளவு விகுதியிலும், ஓரளவு விளியிலும், ஓரளவு பெயரிலும், எஞ்சியது நடிகரிலும் உறைகின்றது. ஒன்றில் இழந்ததை மற்றொன்றில் மீட்க இயலும். எங்கு இழந்தோம் என்பதை முதலில் அறிந்திருத்தல் வேண்டும்.

எனவே மறுஆக்கம், ஒலிமாற்று, துணைத்தலைப்பு ஆகிய எதுவாயினும், வசனத்தைத் தொடுமுன் உறவு அட்டவணை ஒன்றை வரைந்துகொள்ளுதல் பயன்தரும். பாத்திரங்களை இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் விளி, முன்னிலைப் பெயர், படர்க்கை விகுதி மூன்றையும் குறிக்க வேண்டும். இவற்றுள் எது எந்தக் காட்சியில் மாறுகிறது என்பதையும் தனியே குறிக்க வேண்டும். ஒலிமாற்றில் நடிகரின் உதட்டசைவு வசன எழுத்தாளரின் கையைக் கட்டும். மறுஆக்கத்தில் அக்கட்டு இல்லை. ஆயினும் இரண்டிலும் அட்டவணை ஒன்றே.

திரையில் ஒரு தாய் தன் மகனைப் பற்றிக் கேட்கிறார். விடை சொல்பவர் வாயிலிருந்து வரும் கடைசி விகுதிக்காகக் காத்திருக்கிறார். அவ்விகுதியை எழுதிக்கொடுக்கும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளருடையது.